பூஜ்ஜியம் வாங்கிய மீன்தொட்டி

தூய்மை வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய காலைக் கழுவ வேண்டும். கழுவிய காலுக்கு வெள்ளை உறை மாட்ட வேண்டும். அப்புறம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றால் நாலு பக்கமும் காற்றடித்து மேலிருக்கும் தூசியை உதறிவிடும். அதோடு சேர்ந்து மனிதருக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச தைரியமும் உதிர்ந்துவிடும். தெருவில் குப்பை அள்ளவில்லை, சாக்கடை நிரம்பி வாசல் வரை வந்துவிட்டது என்று புகார் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் கால் கழுவும் இடத்திலேயே மனசு மாறித் திரும்பிப் போவார்கள். மீதிப் பேர் சாக்கடையை மிதித்து வந்தவர்கள் என்பதால் அவர்களை உள்ளேயே விடுவதில்லை. ஆகவே வாரியத்துக்கு வந்த புகார்களின் எண்ணிக்கை பூஜ்ஜியம். அதை முகப்பில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

வாரியத்துக்குப் பூஜ்ஜியம் என்றால் உயிர். தூசி பூஜ்ஜியம், கறை பூஜ்ஜியம், புகார் பூஜ்ஜியம். எந்தப் பிரிவில் எது பூஜ்ஜியமானாலும் தலைவர் ஒரு விழா வைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட இடத்தின் முன்கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல பெரிய தொட்டி. பாறைகள், பாறைகளின் மேல் ஊதாவும் பச்சையுமாக உயிருள்ள பவளங்கள், விரல் விரலாக ஆடும் ஒரு கடற்பூ, அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள், கண்ணாடியில் ஊரும் நத்தைகள் சில. திறப்பு விழாவில் தலைவர் பேசும்போது, "கடல் ரொம்ப நாளா கட்டுப்பாடில்லாம கிடக்கு. அது நம்ம வாரியத்துக்குள்ள வந்து சுத்தம்னா என்னன்னு கத்துக்கட்டும்" என்றார்.

தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. நிர்வாகப் பிரிவு எல்லோருடைய பழைய விவரங்களையும் தோண்டிப் பார்த்ததில், துடைப்பமும் சோப்பும் வைத்திருக்கும் ஸ்டோர் அறைக்காரர் இளவயதில் உப்புக் கிடங்கில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. கடலிலும் உப்பு, கிடங்கிலும் உப்பு. ஸ்டோர்க்காரருக்கு அன்றே உத்தரவு வந்துவிட்டது. மீனைச் சட்டியில் பார்த்ததோடு சரி, தண்ணீருக்குள் பார்த்ததில்லை என்று அந்த அப்பாவி மனிதர் சொல்லிப் பார்த்தார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

முதல் நாள் பயந்து பயந்து தொட்டிக்குள் கையை விட்டார். இரண்டு மீன்களில் பெரியது விர்ரென்று வந்து அவர் மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு கடி கடித்தது. ரத்தம் வரவில்லை, ஆனால் அவமானமாக இருந்தது. சின்னது கடற்பூவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாளும் கடி. அதற்கடுத்த நாளும். அவர் கை வைத்த இடமெல்லாம் தன் வீடு என்பதுபோல் அந்தப் பெரியது விரட்டிக்கொண்டே வந்தது. சின்னது அது போன பிறகுதான் சாப்பிடும், அது திரும்பினால் தானும் திரும்பும்.

"பெருசு அப்படியே மாமியார்தான். சின்னது வீட்டோட மாப்பிள்ளை" என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னார்.

வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நான் கல்யாணம் ஆகி வந்தப்போ எனக்கு மாமியாரே இல்ல. இப்ப உங்களுக்கு வாய்ச்சிருக்கு. நல்லா அனுபவிங்க."

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான்: "இன்னைக்கு மாமியார் கடிச்சாங்களா?"

"கடிக்காம? முழங்கை வரைக்கும் துரத்துச்சு."

அவள் திருப்தியாக மறுபடி மெஷினை மிதிப்பாள். குழந்தை குட்டி இல்லாத வீடு. மாலைப் பேச்சுக்கு இப்படி ஒரு விஷயம் கிடைத்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். அவளே ஒரு நாள் வாசலில் காலைக் கழுவி, கூண்டில் காற்று வாங்கி, உள்ளே வந்து மாமியாரை நேரில் பார்த்துவிட்டுப் போனாள். "கண்ணைப் பாருங்க, என்னா அதிகாரம்!" என்று அசந்து போனாள்.

தொட்டிக்கும் வாரியம் பூஜ்ஜியம்தான் கேட்டது. மீன் இரை தின்றால் கழிவு வரும், அது தண்ணீரில் கரைந்து நைட்ரேட், பாஸ்பேட் என்று சத்தாகச் சேரும். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் ஏறும். நிறம் ஏறினால் வாரியத்துக்கு வயிறு எரியும். நிறமே ஏறாமல் வெறும் தண்ணீராக நிற்க வேண்டும் என்று உத்தரவு.

ஸ்டோர்க்காரர் சொன்ன வேலையைச் செய்கிற மனிதர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம். தினமும் தண்ணீர் மாற்றினார். பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள்களை இரண்டு மடங்கு போட்டார். பாறைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கண்ணாடியில் பச்சையாக ஒரு நிழல் தட்டினால்கூட அதே நிமிஷம் சுரண்டினார். மீன்களுக்கு இரையை விரல் நுனியளவுக்குக் குறைத்து, அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். ஒரு காலையில் குப்பியில் நிறமே ஏறவில்லை. அவருக்கே நம்பிக்கை வராமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பூஜ்ஜியம்!

விழா நடந்தது. தலைவர் பேசினார்.

"நான் இந்த வாரியத்துக்கு வந்தப்போ இங்க வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. வேலை நடந்தா தூசி கிளம்பும், ஆள் வரும், கறை படியும். முதல்ல அதை நிறுத்தினேன். இன்னைக்கு நம்ம கட்டடம் எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க. இதோ, நம்ம ஸ்டோர்க்காரர் கடலையே நிறுத்திக் காட்டியிருக்கார்!"

கைதட்டினார்கள். எல்லோரும் வெள்ளைக் கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. ஸ்டோர்க்காரர் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்கியது. அதில் வட்டமாக ஒரு பூஜ்ஜியம். அன்று முதல் சக ஊழியர்கள் அவரைப் பூஜ்ஜியம் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, பாவம்.

பதக்கம் வாங்கிய வாரத்திலேயே மணலில் ஒரு பழுப்புப் படலம் தெரிந்தது. தேநீர் சிந்தின கறை மாதிரி. உறிஞ்சி எடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அது பாறைமேல் ஏறியிருந்தது. மூக்குச்சளிபோல நூல் நூலாக, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ். திரும்ப உறிஞ்சினார், திரும்ப வந்தது. எவ்வளவு அதிகமாகச் சுத்தம் செய்கிறாரோ அவ்வளவு அதிகமாக வந்தது. பிறகு நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து மல்லாந்து கிடந்தன. பவளங்கள் வாயை மூடிக்கொண்டன.

"மாமியார்?" என்றாள் மனைவி மாலையில்.

"கடிச்சுது. ஆனா சும்மா பேருக்குத்தான். முன்ன மாதிரி இல்ல."

மெஷின் உடனே ஓடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் தூசி ஆய்வாளரிடம் போய்ச் சொன்னார். தூசி ஆய்வாளர் என்பவர் வெள்ளைக் கையுறையோடு கட்டடம் முழுக்கச் சுவரைத் தடவித் தடவி நடக்கும் அம்மாள். அவர் தடவாத இடம் கட்டடத்தில் கிடையாது, தடவி எதையும் கண்டுபிடித்த வரலாறும் கிடையாது. காலையில் முதல் வேலையாகத் தொட்டி முன்னால் வந்து நின்றார்.

அங்கேதான் வினையே. அந்தப் பழுப்புக்கு ஒரு குணம் இருந்தது. விளக்கு எரியும்போது தொட்டியெல்லாம் படரும். விளக்கணைந்தால் கலைந்து தண்ணீரோடு கரைந்து காணாமல் போய்விடும். தொட்டி விளக்கு போடுவதற்கு இன்னும் நேரமிருந்தது. மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"எங்கப்பா பழுப்பு?"

"இப்ப இல்லம்மா. வெளிச்சம் வந்தா வரும்."

"நான் வந்திருக்கிறப்போ இல்லாதது, நான் போன பிறகு எப்படி வரும்? என்னைப் பார்த்துப் பயப்படுதுன்னா அது நல்ல விஷயம்தானே?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஒரு முறை தடவி, விரலைப் பார்த்து, போய்விட்டார். பழுப்பு இல்லை என்று அறிக்கை போனது. அறிக்கை போன பிறகு பழுப்பு இருப்பது சட்டப்படி குற்றமாகிவிட்டது.

அந்தக் குற்றம் தலைவர் விருந்தாளிகளோடு முன்கூடத்தைக் கடந்தபோது பட்டப்பகலில் வெளிச்சத்துக்கு வந்தது. பவளங்களின் மேல் பழுப்புச் சளி தொங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளி ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு உள்ளே இருப்பது நாறாது, இருந்தாலும் வைத்துக்கொண்டார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. விஷயத்துக்கு 'அனுமதி பெறாத பழுப்பு நிறம்' என்று பெயர் வைத்தார்கள். கடல் உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியை ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்து நேராகப் பேசினார்.

"இது பாசி மாதிரி தெரிஞ்சாலும் சாதாரணப் பாசி இல்ல. டைனோஃபிளாஜெல்லேட்டுன்னு பேரு. ஒத்தை செல் உயிர். பாதி செடி, பாதி மிருகம். வெளிச்சத்துலயும் பிழைக்கும், அடுத்ததைத் தின்னும் பிழைக்கும். உங்க தண்ணியில சத்தே இல்ல. மத்த பாசியெல்லாம் பட்டினியில செத்துப்போச்சு. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்துல இது ராஜ்யம் நடத்துது. சுருக்கமா சொன்னா, தண்ணி அளவுக்கு மீறி சுத்தமாயிடுச்சு."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதாவது, எங்க சுத்தம்தான் காரணம்னு சொல்றீங்க."

"ஆமா."

"எழுதிக்கோங்க. பேராசிரியை நம்ம சுத்தத்தைப் பாராட்டினாங்க."

"நான் பாராட்டல சார். தண்ணியில கொஞ்சம் அழுக்கு சேரணும்னு சொல்றேன்."

அறை ஜில்லிட்டுப் போனது. தூசி ஆய்வாளர் எழுந்து, "அந்தச் சொல்லை இந்தக் கட்டடத்துக்குள்ள சொல்லக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு மேடம்" என்றார். பேராசிரியை பேசிய மைக்கைத் துடைத்தார்கள். அவர் வாய் கொப்பளிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் கொப்பளிக்கவில்லை, டம்ளரையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தலைவர் மென்மையான குரலில் சொன்னார்: "மேடம், நீங்க படிச்சவங்க. நான் நிர்வாகி. ஒரு மருந்து வேலை செய்யலைன்னா நிர்வாகத்துல என்ன செய்வோம் தெரியுமா? அதையே இரண்டு மடங்கு கொடுப்போம். மருந்து தப்புன்னு சொன்னா, இத்தனை நாள் கொடுத்தது யாருன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா அது புகார். புகார் இங்க பூஜ்ஜியம். வெளிச்சத்தை அணைச்சா பழுப்பு போயிடுதாமே, அது உண்மையா?"

"சில வகைக்கு இரண்டு மூணு நாள் அணைச்சு வைக்கலாம், ஆனா—"

"ஆனா வேண்டாம். அணைச்சு வைக்கலாம், அது போதும்."

ஆனாவுக்குப் பிறகு வந்ததை ஸ்டோர்க்காரர் மட்டும்தான் கேட்டார், வாசலில் பேராசிரியை கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. பவளத்துக்கும் கடற்பூவுக்கும் வெளிச்சம்தான் சோறு, தொடர்ந்து இருட்டில் வைத்தால் செத்துவிடும். உறிஞ்சும் துகள்களை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மாற்றுவதை நிறுத்த வேண்டும். மீனுக்கு வயிறார இரை போட வேண்டும். கண்ணாடியைச் சுரண்டவே கூடாது.

"கொஞ்ச நாள்ல பச்சையா பாசி பிடிக்கும். பயந்துடாதீங்க. பச்சை வந்தா, பழுப்பு தோத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"அந்தப் பெரிய மீன் தாங்குமா மேடம்?"

"பார்க்கலாம். பெருசுதான் பெண். ஒருவேளை அது போயிட்டாலும் சின்னது கொஞ்ச காலத்துல பெண்ணா மாறி அந்த இடத்துக்கு வந்துடும். அந்த இனமே அப்படித்தான்."

"அந்தப் பேச்சே வேண்டாம் மேடம்" என்றார் அவர் அவசரமாக.

தீர்மானப்படி தொட்டி விளக்கை அணைத்து, தொட்டி முழுக்க ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார்கள். துணியின் மேல் 'இது சுத்தமாக உள்ளது' என்று ஒரு பலகை. துணியைத் தூக்குவது வாரியத்தைச் சந்தேகிப்பதாகும் என்று ஒரு சுற்றறிக்கை. சுத்தம் செய்ய ஸ்டோர்க்காரர் மட்டும் கையை உள்ளே விடலாம். அவர் விட்டார். ஒன்றும் வரவில்லை. இருட்டில் துழாவிக்கொண்டு அரை மணி நின்றார்.

"இன்னைக்கு?" என்றாள் மனைவி.

"கடிக்கல."

பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் போட்டார். "நான்தான்டி பட்டினி போட்டேன். மெடலுக்கு ஆசைப்பட்டு நாள் விட்டு நாள் சோறு போட்டேன். இப்ப இருட்டுல வேற போட்டு வெச்சிருக்கேன்."

"நீங்கதானே பட்டினி போட்டீங்க? அப்ப நீங்களே சோறு போடுங்க."

"மாட்டிக்கிட்டா வேலை போயிடும்."

"போனா போகட்டும்னு நான் சொல்லல. மாட்டிக்காம போடுங்கன்னு சொல்றேன்."

மறுநாளிலிருந்து தூய்மை வாரியத்துக்குள் அழுக்கு கடத்தல் தொடங்கியது. மனைவி இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவர் அதைக் கால் உறைக்குள் ஒளித்துக்கொண்டு காற்றுக்கூண்டில் நின்றார். நாலு பக்கமும் காற்றடித்ததில் மணம் வாசல் வரைக்கும் போனது.

காவலாளி மூக்கை உறிஞ்சினான். "என்ன சார் வாடை?"

"புது சோப்பு."

"வாரியம் கொடுத்ததா?"

"வேற யாரு கொடுப்பா?"

"அப்ப நல்ல வாசனைதான் சார்" என்று விட்டுவிட்டான்.

துணியை யாரும் தூக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் உள்ளே விளக்கையும் போட்டார். வெள்ளைத் துணி பளபளவென்று ஒளிர்ந்தது. முதல் நாள் தலைவர் வந்தார், நின்றார், ஒளிரும் துணியைப் பார்த்தார். கூட வந்தவர்களும் பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் தலைவர் மெல்ல. "விளக்கை அணைச்சும் ஒளிருது. சுத்தம்னா அதுக்குத் தானாவே ஒரு ஒளி வந்துடும்."

தூசி ஆய்வாளர் கண் கலங்கினார். மறுவாரம் எல்லா அறைகளிலும் விளக்கை எடுத்துவிட்டுச் சுத்தத்தின் ஒளியிலேயே வேலை பார்க்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு இருட்டில் கூடியது.

துணிக்குள்ளே வேறு கதை நடந்தது. குப்பித் தண்ணீரில் மெல்ல நிறம் ஏறியது. கண்ணாடியில் லேசாகப் பச்சை பூத்தது. பழுப்பு நூல்கள் அறுந்து, மணலில் ஒரு மூலைக்கு ஒதுங்கி, ஒரு நாள் அங்கேயும் இல்லாமல் போயின. பவளம் ஒவ்வொன்றாக வாய் திறந்தது. அவர் துணியின் ஓரத்தில் கையை நுழைத்து மீனுக்கு இரை தூவிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டில் சுருக்கென்றது. "ஆ!" என்று முன்கூடத்தில் வாய்விட்டே கத்திவிட்டார்.

"என்னாச்சு?" என்றார் கூட வேலை பார்த்தவர்.

"ஒண்ணுமில்ல. சுத்தம் சுட்டுடுச்சு."

அன்று மாலை மனைவி கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டிக் காட்டினார். அவள் அந்தச் சிவந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இறால் வாங்கிட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்படியே விட்டிருந்தால் என்ன? ஆனால் வாரியத்துக்கு ஆண்டு விழா வந்தது. ஒளிரும் துணியைத் திறந்து தூய்மையை நேரில் காட்டப்போவதாகத் தலைவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஸ்டோர்க்காரர் கெஞ்சினார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க. இப்பதான் தேறி வருது."

"பூஜ்ஜியம் எங்கப்பா தேறும்? அது ஏற்கெனவே முழுசு" என்றார் தலைவர்.

விருந்தாளிகள் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். தலைவர் துணியை இழுத்தார்.

கண்ணாடி முழுக்கப் பச்சை. உள்ளே இருப்பது எதுவும் தெரியாத அளவுக்குப் பஞ்சுப் பஞ்சாகப் பச்சை. பேராசிரியை பார்த்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார். தூசி ஆய்வாளர் மட்டும் முன்னால் போய், தொட்டிக்குள் கையுறையை விட்டுக் கண்ணாடியை ஒரு தடவு தடவினார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அந்த விரலையே பார்த்தபடி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு அந்த இடத்திலேயே விசாரணை நடந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார் தலைவர்.

ஸ்டோர்க்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான் சோறு போட்டேங்க. மீன் சாப்பிட்டுச்சு. சாப்பிட்டா... கழிவு வருதுங்க. அதைத் தின்னு பச்சை வளர்ந்துச்சு. பச்சை வந்ததால பழுப்பு போச்சு. பவளம் பொழைச்சுச்சு. கொஞ்சம் துடைச்சுப் பாருங்க, உள்ள எல்லாம் உசுரோட இருக்கு."

"உசுரோட இருக்கிறதை யார் கேட்டா? அப்ப இந்தக் கழிவுக்கெல்லாம் காரணம் மீன்."

"மீன் மட்டும் இல்லீங்க. உசுருன்னு இருந்தா..."

"உயிர் இருக்கிற வரைக்கும் பூஜ்ஜியம் வராதுன்னு சொல்ற."

"அப்படித்தாங்க தெரியுது."

தலைவர் முகம் தெளிந்துவிட்டது. கோபமெல்லாம் போய், நாள்பட்ட தலைவலி விட்டவர்போல் புன்னகை வந்தது. "பாத்தீங்களா, இத்தனை பேர் உட்கார்ந்து பேசியும் புரியாதது ஒரே நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு. பேராசிரியை எதுக்கு? தீர்வு கண்ணு முன்னாடியே இருந்திருக்கு."

தீர்வு ஒரு வெள்ளை கேனில் வந்தது. வாரியம் தரை கழுவுவதற்கு வைத்திருக்கும் தூய்மைத் திரவம். நேற்று வரை ஸ்டோர்க்காரர் தன் அறையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தது. தூசி ஆய்வாளர் தேறி எழுந்து, தன் கையாலேயே கேனைச் சாய்த்தார்.

ஸ்டோர்க்காரர் ஓடினார். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தியதால் மிஞ்சிப்போன உப்புநீர் வாளி ஸ்டோர் அறையில் இருந்தது. அதையும் ஒரு கைவலையையும் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் தொட்டித் தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. கையை விட்டார். கண் எரிந்தது, கை எரிந்தது. கைக்குக் கிடைத்த ஒரு பாறைத் துண்டை எடுத்து வாளியில் போட்டார். சின்னது வலையில் தானாக வந்து மாட்டியது. பெரியதைத் தேடித் தேடித் துழாவியதில், கடற்பூ இருந்த மூலையில் அது கையில் பட்டது. கைக்குள் அடங்கி வந்தது. அது அப்படி அடங்கி வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. "கடி, கடிச்சுடு தாயி" என்று கெஞ்சினார்.

வாசலில் காவலாளி வாளியை எட்டிப் பார்த்தான். "என்ன சார் இது?"

"கழிவு."

"அப்ப தாராளமா கொண்டு போங்க."

வீடு போய்ச் சேரும் முன்பே மாமியார் வாளியில் பக்கவாட்டில் மிதந்தாள். மனைவி வாளியைப் பார்த்தாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, எரிகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மீனுக்கா இப்படி என்று தெருவில் போனவர்கள் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

வாரியத்தில் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் புகார். தொட்டியைக் கழுவி, வடிகட்டியில் ஏழெட்டுச் சுற்று விட்ட சுத்த நீரை ஊற்றி, ரப்பர் பவளமும் பிளாஸ்டிக் மீன்களும் வைத்தார்கள். மீன்கள் நூலில் தொங்கின. குப்பியில் நிறம் ஏறவேயில்லை. தொட்டிப் பொறுப்பாளர் என்ற முறையில் ஸ்டோர்க்காரருக்கே இரண்டாவது பதக்கம் வந்தது.

விழாவில் தலைவர் பேசினார். "தொட்டி நமக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கு. சுத்தத்துக்கு எதிரி அழுக்கு இல்ல, அதைப் போடுற உயிர். இந்தக் கட்டடத்துல இன்னும் எங்கெங்க மிச்சம் இருக்குன்னு கணக்கெடுக்கச் சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த ஊழியர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஊழியர்கள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

ஸ்டோர்க்காரர் தினமும் போய், தொட்டிக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் மீன்களைத் துடைப்பார். கை உள்ளே போகும்போது மணிக்கட்டு தானாக ஒரு கணம் கூசும். ஒன்றும் நடக்காது. நூல் மட்டும் ஆடும்.

வீட்டில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பேராசிரியை கொடுத்த பழைய தொட்டி ஒன்று இருந்தது. அதில் அந்தப் பாறைத் துண்டு. அதன் மேல் பச்சை. பச்சைக்கு நடுவில் நகக்கண் அளவுக்குப் பிழைத்துக்கொண்ட ஊதாப் பவளம். மூலையில் வீட்டோடு மாப்பிள்ளை தனியாக நின்றான். இரை போட்டாலும் யாரோ முதலில் சாப்பிடட்டும் என்று காத்திருப்பதுபோல் தயங்கி நிற்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி மெஷினை நிறுத்திவிடுவாள். அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டிருந்தாள்.

நாள் போகப் போக அவன் தயங்குவது குறைந்தது. உடம்பு கொஞ்சம் பெருத்தது. ஒரு மாலை அவர் அலுவலகத்திலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், சாய்ந்திருந்த பாறையை நிமிர்த்தலாம் என்று தண்ணீருக்குள் கையை விட்டார்.

சுருக்கென்றது.

அவர் அசையாமல் நின்றார். மணிக்கட்டுக்கு நேரே அந்தச் சின்னது முறைத்துக்கொண்டு நின்றது. கண்ணில் அதே அதிகாரம்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். புரிந்தது. அவர் கண்ணைத் துடைக்கக் கையை வெளியே எடுக்கப் போனபோது அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கையை எடுக்காதீங்க. இன்னொரு தடவை கடிக்கட்டும்."